கடல்மட்டத்திலிருந்து பனிமலைக்கு

கடற்கரை ஊரான பெரியதாழையைச் சேர்ந்த ஒருவர் இன்று வாகைக்குளம் விமான நிலையத்தில் விமானம் ஏறினால், சென்னை, டெல்லி வழியாக நாளைக் காலை லடாக்கின் லே நகரில் இறங்கிவிடலாம். கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்துக்கு ஒரே நாளில் வந்துவிடுகிறார். அங்கே காற்றழுத்தம் குறைவு. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ட்ராங்-ட்ருங் பனியாற்றைப் பார்க்க நிற்கும் பென்சி லா கணவாயோ சுமார் 4,400 மீட்டர்.

வண்டி, அறை, வழிகாட்டி எல்லாவற்றையும் சுற்றுலா நிறுவனம் பார்த்துக்கொள்ளும். உடம்பு பழகுவதற்கான நாட்களைப் பயணிதான் கேட்டு வாங்க வேண்டும்.

கடலில் உரமேறிய உடம்புக்கும் மலைநோய் வரும்

வலை இழுத்துப் பழகியவரை மலை என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. 1962 சீனப் போரையொட்டி இந்திய வீரர்கள் அவசரமாக உயரமான எல்லைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படிப் போய், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய்க்கு ஆளான 1,925 வீரர்களை மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் ஆராய்ந்து 1969-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் நோஞ்சான்கள் அல்லர், பயிற்சி பெற்ற படைவீரர்கள். உடல் வலிமை இந்த நோயைத் தடுப்பதில்லை. வலிமையை நம்பி வேகமாக ஏறுபவரே முதலில் படுக்கிறார்.

கம்ப்ரசர் காற்றில் சங்கு குளிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது, நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அது முழுதும் வெளியேறுமுன் விமானம் ஏறினால் குமிழ்களாகி மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். கடைசியாகக் கடலில் இறங்கியபின் குறைந்தது ஒரு முழு நாள் இடைவெளி தேவை. ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்டே கிளம்ப வேண்டும்.

ஊரிலேயே தொடங்கும் ஆயத்தம்

கைலாச மானசரோவர் யாத்திரைக்கு இந்திய அரசு 70 வயது வரம்பும், உடல் நிறைக் குறியீடு 25-க்குள் என்ற நிபந்தனையும் வைத்திருக்கிறது. டெல்லியில் ஒரு பரிசோதனை, வழியில் ஒரு மறுபரிசோதனை. தனியார் சுற்றுலாவில் இந்தக் கண்டிப்பை எதிர்பார்க்க முடியாது. எனவே இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை ஆகியவற்றைப் பயணி தானே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் முன்பே நடக்கத் தொடங்கலாம். பக்கத்துத் தேரிமேட்டின் செம்மணலில் ஏறி இறங்குவது தொடைக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் அது களைப்பைத்தான் குறைக்கும், மலைநோயைத் தடுக்காது.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். பொதுவாக ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். இன்சுலின் உறைந்தால் பயன்படாது, உடையின் உட்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

மேலே போனபின்

லேயில் முதல் இரண்டு நாள் ஓய்வு. மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மிகாமல் உயர வேண்டும்.

தலைவலியோடு குமட்டலோ கிறுகிறுப்போ தூக்கமின்மையோ வந்தால் அன்று மேலே ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுமுட்டினால், இருமலில் நுரை வந்தால், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால் உயிருக்கே ஆபத்து. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல், ஆக்சிஜன் கொடுத்தபடி உடனே கீழே இறக்க வேண்டும்.

கண்ணையும் மறந்துவிடக் கூடாது. கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. புதுப்பனி 80 விழுக்காடு வரை அனுப்பும். பக்கவாட்டிலும் மறைக்கும் கருப்புக் கண்ணாடி அவசியம்.

பணம் கட்டுமுன் கேட்க

வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா? விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி உண்டா? நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் யார் கூட இறங்குவார், எந்த மருத்துவமனைக்கு? காப்பீடு இந்த உயரத்துக்கும் செல்லுமா? வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதால், குழுவில் யாரிடம் போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கிறது என்பதையும் கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.