கொசு முத்திரை பார்க்குமா?

தோழரே! விருத்தாசலத்துப் பீங்கான் சூளையிலே வெந்த கை, கருவேப்பிலங்குறிச்சியை விட்டுக் கடல் கடந்து பிழைக்கப் புறப்படுகிறது. பெட்டி கட்டியாயிற்று. பெற்றவள் முறுக்குச் சுட்டு வைத்துவிட்டாள். எங்கே பயணம்? ஆப்பிரிக்கா! அங்கோலாவோ, நைஜீரியாவோ, கானாவோ! சரி, மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டீர்களா?

“அதை ஏஜெண்டு பார்த்துக்கொள்வார்” என்கிறீர்கள். நன்றாகவே பார்த்துக்கொள்வார்! கையிலே பணத்தை வாங்குவார்; ஊசி போடாமலே முத்திரை குத்திய மஞ்சள் அட்டையை நீட்டுவார். அட்டையைக் கண்டு அதிகாரி ஏமாறலாம். கொசு ஏமாறுமா?

2016-இல் அங்கோலாவிலே அந்தக் காய்ச்சல் பரவியது. அங்கே போயிருந்த சீனர் 11 பேர் நோயைச் சுமந்துகொண்டு தாயகம் திரும்பினர். சோதனைக்கூடம் உறுதி செய்த வகையில், ஆசியா கண்ட முதல் மஞ்சள் காய்ச்சல் அது! ஊசி அப்போது இல்லையா? இருந்தது, தோழரே! அதைக் கண்ட மாக்ஸ் தைலருக்கு 1951-இலேயே நோபல் பரிசு கொடுத்தாயிற்று.

காய்ச்சல், தலைவலி, வாந்தி என்றுதான் தொடங்கும். பலருக்கு அத்தோடு தீரும். சிலருக்கோ கண் மஞ்சளாகும், வாயிலும் மூக்கிலும் இரத்தம் வரும். அந்தக் கட்டத்தை எட்டியவர்களில் பாதிப்பேர் பிழைப்பதில்லை. நோயை அறுக்கும் மருந்தும் கிடையாது.

பரப்புவது யார்? நம் ஊரிலே டெங்கு தருகிறதே, பகலிலே கடிக்கும் ஏடிஸ் கொசு, அதேதான்! உடைந்த பீங்கான் கோப்பையிலே தேங்கிய மழைத்தண்ணீர் போதும் அதற்கு. இந்தியாவிலே மஞ்சள் காய்ச்சல் இல்லை, கொசு இருக்கிறது. அதனால்தான் அந்நாடுகளிலிருந்து சான்றில்லாமல் வருபவரை விமான நிலையத்திலே பிடித்து, 6 நாள் வரை தனியே வைக்கிறார்கள். கோட்டுப் போட்டவருக்கும் அதே விதி என்பதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான்!

விருத்தாசலத்திலே ரயிலேறுங்கள். சென்னை கிண்டியிலே கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒரே ஊசி, சான்று ஆயுள் முழுவதும் செல்லும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர், எதிர்ப்புச் சக்தி குன்றியவர், அறுபது தாண்டியவர், ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்று செல்லும். அதற்குள் விமானம் என்று ஏஜெண்டு அவசரப்படுத்தினால், டிக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.