மயூர் விஹாரின் எம்.பி. யார் பக்கம்?

தில்லிக்கு முழு மாநில அந்தஸ்து வேண்டும் என்று மூன்று பெரிய கட்சிகளும் ஏதோ ஒரு காலத்தில் கேட்டிருக்கின்றன. மத்தியில் நாற்காலி கிடைத்ததும் குரல் மாறிவிடுகிறது. நடுவில் நிற்பவர் தொகுதி எம்.பி.

சராய் காலே கானிலிருந்து மயூர் விஹாரை நோக்கி யமுனைப் படுகையில் கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பாராபுல்லா மேம்பாலத்தின் மூன்றாவது கட்டம் அது. 2015-ல் தொடங்கிய வேலை 2017-ல் முடிந்திருக்க வேண்டும். 2025-லும் முடியவில்லை. நங்லி ரஜாப்பூரில் சில ஏக்கர் நிலம் கைக்கு வராதது முதல் காரணம். மரங்களை வெட்ட அனுமதி கிடைக்காதது அடுத்த காரணம். யார் மீது தப்பு என்று கேட்டால் கிடைக்கும் பதில், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தமிழர்களும் மலையாளிகளும் கணிசமாக வாழும் மயூர் விஹாருக்கு இது புதிய அனுபவம் அல்ல. இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பகுதி தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டியவை, அல்லது அது நிலம் ஒதுக்கியதால் எழுந்தவை. அந்த ஆணையம் மத்திய அரசின் கீழ் வருகிறது. திருட்டுப் போனால் புகார் கொடுக்க வேண்டிய போலீசும் மத்திய உள்துறையின் கையில். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தில்லி அரசின் ஜல் போர்டு. குப்பை அள்ளாவிட்டால் மாநகராட்சி. மூன்றாம் கட்டக் குடியிருப்புகளுக்கு அருகே மலையாக உயர்ந்து நிற்கும் காஜிப்பூர் குப்பைமேட்டுக்கும் மாநகராட்சிதான் பொறுப்பு. 2017 செப்டம்பரில் அது சரிந்து இருவர் இறந்தபோதும், 2022-லும் 2024-லும் தீப்பிடித்துப் புகைந்தபோதும், ஒரு கட்சி இன்னொரு கட்சியைக் கைகாட்டியதுதான் மிச்சம்.

இந்தக் குழப்பத்தின் வேர் 1991-ல் இருக்கிறது. பாலகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி அரசியல் சட்டத்தின் 69-வது திருத்தம் வந்தது. தில்லிக்குச் சட்டமன்றமும் முதலமைச்சரும் கிடைத்தார்கள். ஆனால் பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் மூன்றும் மத்திய அரசிடமே தங்கிவிட்டன. 2011 கணக்கெடுப்பின்படி 1.67 கோடிப் பேர் வாழும் ஊர், பாதி மாநிலமாகவும் பாதி யூனியன் பிரதேசமாகவும் இருந்துவருகிறது. இதை மாற்றும் அதிகாரம் தில்லி சட்டமன்றத்துக்கு இல்லை. நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. அதனால்தான் கிழக்கு தில்லியின் எம்.பி. என்ன நினைக்கிறார் என்பது மயூர் விஹாருக்கு வெறும் அரசியல் ஆர்வம் அல்ல. வீட்டு வாசல் பிரச்சினை.

அந்த எம்.பி.க்களின் கதை சுவாரசியமானது. 2003 ஆகஸ்டில் வாஜ்பாய் அரசின் சார்பில் துணைப் பிரதமர் அத்வானி, தில்லியை மாநிலமாக்கும் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார். போலீசும் பொது ஒழுங்கும் மட்டும் மத்திய அரசிடம் இருக்கும் என்பது ஏற்பாடு. அப்போது கிழக்கு தில்லியின் உறுப்பினர் பா.ஜ.க.வின் லால் பிஹாரி திவாரி. மசோதா பிரணாப் முகர்ஜி தலைமையிலான நிலைக்குழுவுக்குப் போனது. குழுவும் ஆதரவாகவே அறிக்கை தந்தது. ஆனால் 2004-ல் மக்களவை கலைக்கப்பட்டபோது மசோதாவும் காலாவதியானது. தேர்தலில் திவாரியும் தோற்றார்.

வென்றவர் காங்கிரசின் சந்தீப் தீட்சித். முதல்வர் ஷீலா தீட்சித்தின் மகன். மகன் மக்களவையில், அம்மா தில்லி அரசில், மத்தியிலும் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. 2004-லிருந்து 2013 வரை இந்தப் பொருத்தம் நீடித்தது. முழு மாநில அந்தஸ்துக்கு இதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஆனால் அப்படியொரு மசோதாவை மன்மோகன் சிங் அரசு நிறைவேற்றவில்லை.

எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க. 2013 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் மறுபடி முழு மாநில அந்தஸ்து என்றது. 2014-ல் கிழக்கு தில்லியில் அதன் வேட்பாளர் மகேஷ் கிரி, ஆம் ஆத்மி கட்சியின் ராஜ்மோகன் காந்தியைத் தோற்கடித்தார். மகாத்மாவுக்கும் ராஜாஜிக்கும் பேரனான ராஜ்மோகனை மயூர் விஹார் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையிருக்கவில்லை. மத்தியில் பா.ஜ.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்தது. அடுத்த ஆண்டு தில்லி சட்டமன்றத் தேர்தலுக்கு அக்கட்சி வெளியிட்ட தொலைநோக்கு ஆவணத்தில் முழு மாநில அந்தஸ்து காணாமல் போயிருந்தது.

பிறகு நடந்தது இழுபறி. அதிகாரிகளை நியமிப்பதும் மாற்றுவதும் துணைநிலை ஆளுநரின் வேலை என்று 2015 மே மாதம் உள்துறை அறிவித்தது. மூன்று விஷயங்களைத் தவிர மற்றவற்றில் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாரிகள் மீதான அதிகாரமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே என்று 2023 மே 11-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எட்டே நாளில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து தீர்ப்பின் பலனைப் பறித்தது. ஆகஸ்டில் அதுவே முழுச் சட்டமானது.

அப்போது மயூர் விஹாரின் எம்.பி. கௌதம் கம்பீர். சொந்தமாகக் கருத்துச் சொல்லத் தயங்கியவர் என்று கம்பீரைக் குறை கூற முடியாது. 2020 பிப்ரவரியில் வடகிழக்கு தில்லி கலவரத்தின்போது, ஆத்திரமூட்டிப் பேசியது தன் கட்சியின் கபில் மிஸ்ராவாகவே இருந்தாலும் நடவடிக்கை வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னவர் அவர். ஆனால் மைக் முன் பேசுவது வேறு, அவையில் வாக்களிப்பது வேறு. தில்லியின் அதிகாரம் பற்றிய பிரச்சினையில் கட்சியின் நிலையே அவர் நிலையாக இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் வாக்காளர்கள் கவனிக்க வேண்டும். 2021-ல் துணைநிலை ஆளுநரின் அதிகாரத்தைக் கூட்டிய திருத்தச் சட்டமும், 2023-ன் சட்டமும் மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. யார் எந்தப் பக்கம் என்று பெயர் வாரியாகப் பதிவு இல்லை. மாநிலங்களவையில் மட்டும் 2023 ஆகஸ்ட் 7-ல் எண்ணிப் பார்த்தார்கள். ஆதரவு 131, எதிர்ப்பு 102. எதிர்த்து வாக்களிக்க முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் சக்கர நாற்காலியில் வந்தார். ஆனால் அந்த அவைக்கு மயூர் விஹார்வாசிகள் நேரடியாக யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், அவர்கள் தலைவிதியை மாற்றிய மசோதாவில் எப்படி வாக்களித்தார் என்பதற்கு நாடாளுமன்ற ஏட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதே 2023-ல் இன்னொரு திருப்பம். காங்கிரஸ் மேலிடம் மசோதாவை எதிர்க்க முடிவு செய்தபோது, அதற்கு எதிராகப் பேசியவர் அதே சந்தீப் தீட்சித். தில்லியின் அந்தஸ்துக்கு ஏற்ற மசோதாதான் இது, நிறைவேற வேண்டும் என்பது அவர் வாதம். அவர் சொன்னது சரியா தவறா என்பது வேறு விவாதம். கட்சியை மீறிச் சொல்ல முடிந்தது என்பதுதான் இங்கே முக்கியம். காரணம் எளிது: அப்போது அவர் எம்.பி.யாக இல்லை.

எம்.பி.யாக இருந்திருந்தால்? 1985-ல் 52-வது திருத்தம் மூலம் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் குறுக்கே நின்றிருக்கும். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். ஆட்சியைக் கவிழ்க்கும் விலைபேச்சைத் தடுக்க வந்த சட்டம், சாதாரண மசோதாக்களிலும் உறுப்பினரின் கையைக் கட்டிவிட்டது. அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளோடு கொறடாவின் பிடியை நிறுத்த வேண்டும் என்று காங்கிரசின் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்து பார்த்தார். எந்தக் கட்சி மேலிடமும் அதில் ஆர்வம் காட்டவில்லை.

இந்த விளையாட்டில் ஆம் ஆத்மி கட்சிக்கும் முழு மதிப்பெண் கிடைக்காது. மயூர் விஹாரின் பெரும்பகுதியை உள்ளடக்கிய பட்பர்கஞ்ச் தொகுதியில் 2013-லிருந்து மூன்று முறை வென்றவர் மணீஷ் சிசோதியா. துணை முதல்வராகவும் நிதியமைச்சராகவும் அவர் எழுப்பிய கேள்வியில் நியாயம் இருந்தது. மத்திய வரியில் தில்லிக்குப் பங்கு கிடையாது. அதற்கு ஈடாக வந்த மானியம் 2001-02-லிருந்து இருபது ஆண்டுக்கு மேல் 325 கோடி ரூபாயிலேயே உறைந்து கிடந்தது. முழு மாநில அந்தஸ்து கோரி 2018 ஜூனில் சட்டமன்றத்தில் தீர்மானமும் போட்டார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் கட்சியின் முதல் கோஷமே அதுதான். ஏழு தொகுதிகளிலும் தோல்வி. கிழக்கு தில்லியில் ஆதிஷிக்கு மூன்றாம் இடம்.

தேர்தல் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2019 ஆகஸ்ட் 5-ல் ஜம்மு காஷ்மீர் என்ற முழு மாநிலத்தை இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கும் மசோதா வந்தது. தில்லி யூனியன் பிரதேசமாக இருப்பதே அநியாயம் என்று வாதாடிய கட்சி, அதை ஆதரித்து வாக்களித்தது. நான்கு வருடம் கழித்துத் தன் தலையில் இடி விழுந்தபோது, கூட்டாட்சியைக் காப்பாற்றுங்கள் என்று கேஜ்ரிவால் ஊர் ஊராகப் போய் ஆதரவு கேட்டார். 2023 ஜூன் 1-ல் சென்னைக்கும் வந்து மு.க. ஸ்டாலினைச் சந்தித்தார்.

தமிழகக் கட்சிகள் இந்த இரண்டு மசோதாக்களிலும் தடம் மாறவில்லை. தி.மு.க. இரண்டையும் எதிர்த்தது. அ.தி.மு.க. இரண்டையும் ஆதரித்தது. தமிழர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் பக்கத்தில், புதுச்சேரியில் இருக்கிறது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கு எதிராக முதல்வர் நாராயணசாமி 2019 பிப்ரவரியில் ராஜ் நிவாஸ் முன் தர்ணாவில் உட்கார்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021-ல் பா.ஜ.க. கூட்டணியோடு ஆட்சிக்கு வந்த ரங்கசாமியும் மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார். கூட்டணி மாறினாலும் தில்லியின் பதில் மாறவில்லை. 2019 தேர்தல் அறிக்கையில் புதுச்சேரிக்கு முழு மாநில அந்தஸ்து என்று உறுதியளித்த காங்கிரஸ், தில்லிக்கு ஆளுநரின் அதிகாரத்தைத் தெளிவாக்குவதோடு நிறுத்திக்கொண்டது.

எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நாட்டின் தலைநகரில் போலீஸ் ஒரு மாநில முதல்வரின் கையில் இருந்தால் நாடாளுமன்றத்துக்கும் தூதரகங்களுக்கும் யார் பொறுப்பு? தில்லி போலீசுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. அந்தப் பாரம் தில்லியின் தலையில் விழுந்தால் இலவச மின்சாரம் என்னவாகும்? வாஷிங்டன்வாசிகள் பிரதிநிதிகள் சபைக்கு ஒருவரை அனுப்பினாலும், சட்டம் நிறைவேறும்போது அவருக்கு வாக்கு இல்லை என்பதையும் சுட்டிக்காட்டுகிறார்கள். மறுபுறம், ஜெர்மனியின் தலைநகரான பெர்லின் ஒரு முழு மாநிலம். 2003 மசோதாவே நடுவழி ஒன்றைக் காட்டியது: போலீஸ் மத்திய அரசிடம், மற்றதெல்லாம் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம். இந்த வழியைக் காட்டியது பா.ஜ.க.தான் என்பது இன்று அக்கட்சிக்கே சங்கடம்.

2024-ல் கிழக்கு தில்லி பா.ஜ.க.வின் ஹர்ஷ் மல்ஹோத்ராவைத் தேர்ந்தெடுத்தது. முன்பு கிழக்கு தில்லி மாநகராட்சியின் மேயராக இருந்த அவருக்குக் காஜிப்பூரின் நாற்றம் புதிதல்ல. ஜூன் மாதம் மத்திய இணை அமைச்சரானார். அமைச்சருக்குக் கொறடாவே தேவையில்லை. அரசின் முடிவுதான் அவர் முடிவு. 2025 பிப்ரவரியில் சட்டமன்றமும் பா.ஜ.க. வசமானது. மயூர் விஹார் பரவிக்கிடக்கும் மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் கோண்ட்லியை மட்டும் ஆம் ஆத்மி தக்கவைத்துக்கொண்டது. ஏப்ரலில் மாநகராட்சி மேயர் பதவியும் பா.ஜ.க.வுக்கு வந்தது. ஆளுநருக்கு எதிராக முந்தைய அரசு போட்ட வழக்குகளைப் புதிய அரசு வாபஸ் பெற்றது.

மேலிருந்து கீழ்வரை ஒரே கட்சி என்றால் சண்டை இல்லை, சண்டை இல்லையென்றால் மாநில அந்தஸ்து எதற்கு என்று கேட்கலாம். கேள்வியிலேயே ஆபத்து இருக்கிறது. மத்தியில் ஆளும் கட்சிக்கு வாக்களித்தால்தான் தண்ணீரும் பாலமும் கிடைக்கும் என்றால், அது உரிமை அல்ல, சலுகை. ஷீலா தீட்சித் காலத்தில் பெரிய மோதல் இல்லாததற்கும், 2015-க்குப் பிறகு மோதலே வாழ்க்கையானதற்கும் காரணம் ஒரே சட்டம்தான். மாறியது ஆட்களும் கட்சிகளும் மட்டுமே.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வேட்பாளர்கள் மயூர் விஹாரின் வாசல்களுக்கு வருவார்கள். தேசப் பாதுகாப்பு முதல் வெளியுறவு வரை எல்லாவற்றிலும் அவர்களுக்கு நிலை இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி சின்னது: 2003-ல் கட்சிகள் கேட்டதை இன்றும் கேட்பீர்களா? கேட்டால், கட்சி வேண்டாம் என்று சொல்லும் நாளில் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்பவர்தான் தொகுதியின் எம்.பி. மற்றவர்கள் கட்சியின் எம்.பி.