நஃபகா வழக்கில் வருமானக் கணக்கை எப்போது கேட்பது?

ஜீவனாம்ச வழக்கு வருடக்கணக்கில் நடந்து, சாட்சி விசாரணையும் முடிந்த பிறகு, "அவருடைய வங்கிக் கணக்கை வரவழையுங்கள்" என்று மனுப் போடும் குடும்பங்கள் உண்டு. கேட்பது நியாயம்தான். ஆனால் காலம் கடந்து கேட்டால் அந்த நியாயமே பலவீனப்பட்டுவிடும்.

குற்றாலத்தில் சீசனுக்குக் கடையோ அறையோ வாடகைக்கு விடுபவரை எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும் வருமானம் வேறு, மற்ற மாதங்களில் வருவது வேறு. அதிலும் பெரும்பகுதி ரொக்கம். "மாதம் பத்தாயிரம்தான்" என்று அவர் சொன்னால், தென்காசி நீதிமன்றத்தில் அதை மறுக்க ஆதாரம் வேண்டும். வளைகுடாச் சம்பளத்துக்கும் இதே நிலைதான்.

சட்டம் தரும் வழி

2020 நவம்பர் 4 அன்று, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கொரு நடைமுறையை வகுத்தது. சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். மனைவி தன் மனுவுடனேயே தர வேண்டும். கணவருக்கு அதிகபட்சம் நான்கு வாரம். அவர் வேண்டுமென்றே இழுத்தடித்து இரண்டு வாய்தாவுக்கு மேல் கேட்டால், அவருடைய எதிர்வாதத்தையே நீக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பத்திரத்தில் சந்தேகம் இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 11-ன் கீழ் அனுமதி பெற்று, எழுத்துக் கேள்விகள் அனுப்பலாம், ஆவணங்களைக் கேட்கலாம். தெரிந்தே பொய் சொன்னவர் மீது நடவடிக்கை வரும். இடையில் வருமானம் மாறினால் திருத்திய பத்திரம் தர வேண்டும்.

தாமதமாகிவிட்டால்?

சிவில் வழக்குகளில் கதவு முழுவதும் மூடிவிடாது. தமிழகத்திலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பழனிசாமி வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: விசாரணை முடிந்த பிறகும், நீதிக்கு அவசியமென்றால் சாட்சியத்தை மீண்டும் திறக்கலாம். ஆனால் அது வழக்கமாகிவிடக் கூடாது. முன்பே ஏன் கொண்டுவரவில்லை என்பதற்குத் தக்க காரணம் வேண்டும். இழுத்தடிக்கவே போட்ட மனு என்று தெரிந்தால், செலவுத் தொகையுடன் தள்ளுபடியாகும்.

மார்க்கம் சொல்வது

வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் இருப்பவர் அல்லாஹ் தமக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்பதே அத்தலாக் அத்தியாயத்தின் 7-வது வசனத்தின் கருத்து. வசதியை மறைத்துவிட்டால் அந்த அளவை எப்படி நிர்ணயிப்பது? ஆகவே வருமானத்தை ஒளிப்பது வழக்குத் தந்திரமல்ல. மனைவி மக்களின் ஹக்கைப் பறிப்பதாகும். மனைவியும் தனக்கு வரும் வருமானத்தை மறைக்கக் கூடாது.

பெண்ணைப் பெற்றவர்களே, வக்கீலைப் பார்க்கும் முதல் நாளிலேயே பாஸ்புக் நகல், வாடகை ஒப்பந்தம், வீட்டு வரி ரசீது, வெளிநாட்டுப் பணம் வந்த சீட்டு என இருப்பதையெல்லாம் கொண்டு செல்லுங்கள். பிரமாணப் பத்திரம் தாக்கலானதா என்று இரண்டாம் வாய்தாவுக்குள் கேளுங்கள். வக்கீல் கட்டணம் தடையென்றால், நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச உதவி உண்டு.