மண்ணெண்ணெயில் ஓடிய பெற்றோல் இயந்திரமும் பிளக்கின் தெரிவும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே குருக்கள்மடம் அமைந்துள்ளது. மேற்குத் துறையில், மட்டக்களப்பார் 'பாதை' என வழங்கும் மிதவையில் ஏறினால் படுவான்கரையின் அம்பிளாந்துறையை அடையலாம். கிழக்கே சிறிது தூரம் நடந்தாற் கடல். பாதையில் ஏற்றப்படும் மோட்டார் சைக்கிளுக்கும் கடலில் இறக்கப்படும் படகின் இயந்திரத்துக்கும் பொதுவான சிற்றுறுப்பு ஒன்றுண்டு. நூல்கள் அதனைப் பொறிச்செருகி என்கின்றன. பட்டறையில் அச்சொல்லைச் சொன்னால் எவரும் திரும்பிப் பாரார். ஆதலின் நாமும் பிளக் என்றே வழங்குவோம்.

மாற்றியமைத்த இயந்திரத்துக்கு ஏற்ற பிளக் எதுவென விளக்கும் மேனாட்டு நூல்கள் பெரும்பாலும் பந்தயக் காரை மனத்திற்கொண்டே எழுதப்பட்டவை. நம் நாட்டில் இயந்திரத்தை மாற்றியமைத்தோரிற் பெரும்பாலோர் வேகத்தை நாடியவரல்லர். எரிபொருளின் விலையும் தட்டுப்பாடுமே அவர்களை அதற்கு உந்தின. இவ்வேறுபாடு பிளக்கின் தெரிவையே மாற்றிவிடுகின்றது என்பதை ஈண்டு விளக்க முயல்வோம்.

பிளக் இயந்திரத்துக்கு வலுவைத் தருவதில்லை. சிலிண்டரினுள் நெருக்கப்பட்ட கலவைக்கு உரிய கணத்தில் தீயிடுவதே அதன் தொழில். அத்தொழிலைச் செய்வதற்கு அதன் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடாயிருத்தல் வேண்டும். அன்றேல் கரி படிந்து, மின் பொறியாகப் பாயாது கரியின் வழியே கசிந்துவிடும். ஏறத்தாழ 850 பாகையைத் தாண்டினாலோ, பொறி பாயுமுன்னரே பழுத்த முனை தானே தீ வைத்துவிடும். இம்முன்தகனம் நீடித்தாற் பிஸ்ரனின் தலையில் ஓட்டை விழும். முனையைச் சூழ்ந்துள்ள வெண்ணிறக் காவலி நீண்டிருப்பின் வெப்பம் மெல்ல வெளியேறும். அது சூட்டுப் பிளக். குறுகியிருப்பின் விரைவில் வெளியேறும். அது குளிர்ப் பிளக்.

பந்தயக்காரர் சிலிண்டர்த் தலையைச் சீவி அமுக்க விகிதத்தை உயர்த்துவர். வெப்பம் மிகும், ஆகவே குளிர்ப் பிளக் வேண்டும். உயர்ந்த அமுக்கத்திற் பொறி பாய்வது கடினமாதலால் மின்வாய்களின் இடைவெளியையும் சற்றுக் குறைப்பர். இங்குச் சிக்கல் பெரிதன்று.

மண்ணெண்ணெய்க்கு மாற்றும்போதே சிக்கல் எழுகின்றது. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரியும் உட்படப் பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன. மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய பழைய பிரித்தானியக் கார்கள் அக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலிலே இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை. புதிய கார்கள் செய்யமாட்டாததைப் பழைய கார்கள் செய்தமைக்குக் காரணம் உண்டு. 1961இல் வெளிவந்த ஆறாம் வரிசை மொறிஸ் ஒக்ஸ்போட்டின் 1622 கன சென்ரிமீற்றர் இயந்திரம் 8.3 என்னும் அமுக்க விகிதத்தோடு மட்டுமன்றி, தரங்குறைந்த பெற்றோலுக்கென 7.2 என்னும் தாழ்ந்த விகிதத்தோடும் ஆக்கப்பட்டது. தாழ்ந்த அமுக்கத்தையே மண்ணெண்ணெய் விரும்பும்.

எனினும் மண்ணெண்ணெய் இருவகையில் முரண்படுகின்றது. அது எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத துளிகள் அரைகுறையாக எரிந்து பிளக்கிற் கரியாகப் படிகின்றன. இதற்கு மருந்து சூட்டுப் பிளக். ஆனால் அமுக்கத்தைத் தாங்கும் ஆற்றலும் அதற்கு மிகக் குறைவு; சுமை ஏறியதும் கலவை வெடித்துத் தட்டும், வெப்பம் ஏறும். இதற்கு வேண்டியது குளிர்ப் பிளக். ஒரே பிளக் இவ்விரு தேவையையும் நிறைவுசெய்யாது. ஆகவே தேர்ந்த கைவினைஞர் முதலிற் பிளக்கைத் தேடுவதில்லை. தடித்த கஸ்கற்றினால் அமுக்கத்தைத் தாழ்த்துவதும், புகைபோக்கியின் சூட்டினால் எரிபொருளை வெதுப்புவதும் முன்செய்ய வேண்டியவை. அவற்றின் பின்னரே ஒரு படி சூடான பிளக்கைப் பொருத்திப் பார்த்தல் தகும். துளிகள் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்யுமாதலின் ஒயிலை அடிக்கடி மாற்றவும் வேண்டும். அதைத் தவறவிட்டவன் எப்பிளக்கைப் போட்டும் பயனில்லை.

தெரிவு சரியா என்பதை அறிவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. சுமையோடு ஓட்டி, வேகத்திலேயே இயந்திரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால் அதன் முகமே சொல்லும். இளங்கபிலம் நலம்; வறண்ட கரி குளிரை அல்லது மிகை எரிபொருளைக் காட்டும்; வெளுத்துக் கொப்புளித்த காவலி ஆபத்து. படிப்பறிவு குன்றியவரென நாம் எண்ணும் மெக்கானிக் இம்முகத்தை வாசிக்கும் திறன் நம் பல்கலைக்கழகங்களில் எப்பாடத்திலும் கற்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை.

பட்டறைகளில் வழுக்குமிடம் ஒன்றுண்டு. பிரித்தானியக் கார்களோடு வந்தவை சாம்பியன் பிளக்குகள். பின்னர் கடைகளை நிறைத்தவை யப்பானிய என்.ஜி.கே. பிளக்குகள். சாம்பியன் வரிசையில் எண் ஏற ஏறச் சூடு ஏறும்; என்.ஜி.கே. வரிசையில் எண் ஏற ஏறக் குளிர் ஏறும். ஒன்றில் 'இரண்டு எண் கூட்டிப் போடு' என்று பழகியவர் மற்றதிலும் அவ்வாறே செய்தால் நாடியதற்கு நேர்மாறானதையே பெறுவர். மரையின் நீளமும் அவ்வாறு கவனிக்கத்தக்கது: 12.7 மில்லிமீற்றர் மரைக்குரிய தலையில் 19 மில்லிமீற்றர்ப் பிளக்கைத் திருகினால் முனை பிஸ்ரனில் மோதலாம். இரிடியம் முனைப் பிளக்குகள் பொறியை எளிதாக்கும், நெடுங்காலம் உழைக்கும் என்பது மெய்யே. வெப்பப் படி தவறானால் அவ்விலையுயர்ந்த உலோகமும் காப்பாற்றாது.

இனிக் குருக்கள்மடத்துக் கரைக்கு மீள்வோம். கிழக்குக் கரையோரப் படகுகளிற் பல மண்ணெண்ணெயில் ஓடுவன. இவற்றின் இயந்திரங்கள் தாழ்ந்த அமுக்கத்தோடு அதற்கென்றே ஆக்கப்பட்டவை. கிளப்புவதற்குப் பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய் என்னும் முறை யாழ்ப்பாணத்துக் காருக்கு உரியதே. வலையைச் சுற்றி மெல்ல ஓடுங்கால் பிளக் கரியேறும். நெடுந்தூரம் முழு வேகத்தில் விரையுங்கால் அதே பிளக் பழுக்கும். 2022 ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, மண்ணெண்ணெயை நாடியதற்கான காரணமே பெரும்பாலும் அற்றுப்போயிற்று. எரிபொருளின் விலையை உயர்த்துவோர் படகின் எஞ்சினை எண்ணிப் பார்ப்பதில்லை. மீளப் பெற்றோலுக்குத் திரும்பும் மீனவர், கரிக்கு அஞ்சிப் பொருத்திய சூட்டுப் பிளக்கை அவ்வாறே விட்டுவிட்டு நெடுங்கடலுக்கு முழு வேகத்தில் ஓடுவது தகாது. தயாரிப்பாளர் அவ்வெரிபொருளுக்குக் குறித்த படிக்கே மீளவேண்டும். மண்ணெண்ணெயிலேயே தொடர்வோர் கரையை அணுகுமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓட்டி நிறுத்துவது வழக்கம். காபுரேற்றரில் எஞ்சியிருப்பது பெற்றோலாயின் மறுநாள் விடியற்புறத்திற் கயிற்றை இழுத்ததும் இயந்திரம் கிளம்பும்; மண்ணெண்ணெயாயின் பிளக்கைக் கழற்றித் துடைத்துத்தான் கடலுக்கு இறங்கவேண்டும்.