டானியெல் காலின்ஸ்: படித்து முடித்துவிட்டு வந்த ஆட்டக்காரி

அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் மகளிர் ஒற்றையர் பட்டத்தை இரண்டு முறை வென்றவர்கள் வெகு சிலரே. அவர்களில் ஒருவர் டானியெல் காலின்ஸ். 1993-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தைக்குத் தோட்டம் அமைத்துப் பராமரிக்கும் வேலை. தாய் மழலையர் பள்ளி ஆசிரியை. பெரிய அகாடமிகளுக்குப் பணம் கட்ட வசதியில்லாத குடும்பம். அவர் ஆடிப் பழகியது ஊர்ப் பொது மைதானங்களில்தான்.

முதலாண்டை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2014-இலும் 2016-இலும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் ஒற்றையர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. இது 64 பேர் மோதும் போட்டி. ஆனால் கல்லூரி ஆண்டின் பெரும்பகுதி அணி ஆட்டங்களிலேயே கழியும். இரட்டையர் ஆட்டங்கள் மூன்றுக்கும் சேர்த்து ஒரு புள்ளி, ஒற்றையர் ஆட்டங்கள் ஆறுக்கும் தலா ஒரு புள்ளி. ஏழில் நான்கை முதலில் எடுக்கும் அணிக்கு வெற்றி. ஆறு ஒற்றையரும் பக்கத்துப் பக்கத்து ஆடுகளங்களில் ஒரே நேரத்தில் நடக்கும். தன் ஆட்டத்தின் நடுவே அடுத்த ஆடுகளத்துத் தோழிக்குக் குரல் கொடுப்பது அங்கே சகஜம். தன் பக்கம் விழும் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பெரும்பாலும் ஆடுபவரே சொல்ல வேண்டும்; சண்டைக்குக் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு முக்கியப் புள்ளிக்கும் காலின்ஸ் போடும் சத்தம் தொழில்முறை டென்னிஸில் சிலரை முகம் சுளிக்க வைத்தது. கல்லூரி ஆட்டம் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல.

2014-இல் பட்டம் வென்ற கையோடு அமெரிக்க ஓபனில் ஆட அவருக்கு வைல்டு கார்டு கிடைத்தது. முதல் சுற்றிலேயே எதிரே நின்றவர் போட்டித் தரநிலையில் இரண்டாம் இடத்தில் இருந்த சிமோனா ஹாலெப். முதல் செட்டை டைபிரேக்கரில் பறித்த காலின்ஸ் அடுத்த இரண்டையும் இழந்தார். அந்த ஒரு செட்டை நம்பிப் படிப்பை உதறியிருக்கலாம். அவர் திரும்பிப் போய் 2016-இல் பட்டப்படிப்பை முடித்த பிறகே தொழில்முறைக்கு வந்தார். அப்போது வயது 22. பதின்ம வயதிலேயே முழுநேரம் இறங்கிவிடும் மகளிர் டென்னிஸில் இது தாமதம்தான்.

பலன் மெதுவாகவே வந்தது. 2018 மயாமி போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி, வீனஸ் வில்லியம்ஸை நேர் செட்களில் வீழ்த்தி அரையிறுதி கண்டார். 2019 ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போகும்போது கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றில் ஒரு வெற்றிகூட அவர் கணக்கில் இல்லை. அங்கே ஏஞ்சலிக் கெர்பரை 6-0, 6-2 என நொறுக்கி அரையிறுதிவரை போனார்.

உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. முடக்குவாதம் ஒரு பக்கம், எண்டோமெட்ரியோசிஸ் என்னும் கருப்பை சார்ந்த நோய் மறுபக்கம். 2021-இல் அறுவை சிகிச்சை செய்து, டென்னிஸ் பந்து அளவுள்ள கட்டியை சினைப்பையிலிருந்து எடுத்தார்கள். சில மாதங்களிலேயே பலெர்மோவிலும் சான் ஹோசேயிலும் பட்டம் வென்றார். மாதவிடாய் வலி என்று ஒதுக்கப்படும் ஒரு நோயைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியது, வென்ற கோப்பைகளுக்குக் குறைந்ததல்ல.

2022 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் இகா ஸ்வியாடெக்கைத் தோற்கடித்தார். இறுதியில் ஆஷ்லி பார்ட்டிக்கு எதிராக இரண்டாம் செட்டில் 5-1 என முன்னணியில் இருந்தும் கோட்டை விட்டார். அதே ஆண்டு உலகத் தரவரிசையில் 7-ஆம் இடம், அவர் தொட்ட உச்சம்.

2024-தான் கடைசி ஆண்டு என்று அறிவித்த பிறகு வந்தது அவருடைய மிகச் சிறந்த வசந்தம். தரவரிசையில் 53-ஆம் இடத்திலிருந்து மயாமி பட்டம். இறுதியில் வீழ்ந்தவர் எலேனா ரைபாகினா. அடுத்து சார்ல்ஸ்டன் பட்டம். அந்த ஆண்டு இறுதிக்குள் ஓய்வு முடிவையும் தள்ளிவைத்தார்.

கல்லூரி வழி முடிந்துபோன வழி என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதே வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2021-இல் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்ற எம்மா நவாரோ, 2024 அமெரிக்க ஓபனில் அரையிறுதிவரை வந்தார்.