புதிய ஹோம் தியேட்டர் வாங்கும் முன் வரவேற்பறையைச் சோதிப்பது ஏன் அவசியம்?

32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரை கொண்ட தொலைக்காட்சிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெரிய திரை வாங்கும் செலவு இதனால் குறைந்துள்ளது. ஆனால் திரையின் அளவோடு ஒலியின் தரம் உயர்வதில்லை. தொலைக்காட்சிகள் மெலிந்துகொண்டே செல்வதால் அவற்றுக்குள் பொருத்தப்படும் ஸ்பீக்கர்களும் சிறுத்துவிட்டன. பல மாடல்களில் அவை பார்வையாளரை நோக்காமல் தரையை நோக்கியே அமைக்கப்பட்டுள்ளன. வசனம் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டினால், அடுத்து வரும் சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது.

இக்குறையைப் போக்க முதலில் சவுண்ட்பார், பிறகு சப்வூஃபர், அதன் பிறகு ஏவி ரிசீவர் என ஒவ்வொன்றாக வாங்கிப் பார்ப்போர் பலர். ஒவ்வொரு முறையும் சில நாள்கள் திருப்தி நிலவும். பின்னர் பழைய குறையே மீண்டும் தென்படும். செய்து பார்த்துத் திருத்திக்கொள்வதில் தவறில்லை. சோதனைகளின் வரிசை மாறிப்போவதே பணம் வீணாவதற்குக் காரணமாகிறது. செலவில்லாத மாற்றங்களை முதலிலும், செலவு மிகுந்தவற்றைக் கடைசியிலும் செய்து பார்ப்பதே பயன் தரும்.

சோதனைக்கு இரண்டு விதிகள்

முதலாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். ஸ்பீக்கரின் இடத்தையும் ரிசீவரின் அமைப்பையும் ஒரே நாளில் மாற்றினால், பலன் எதனால் கிடைத்தது என்பதை அறிய இயலாது.

இரண்டாவது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே காட்சியை ஒரே ஒலி அளவில் கேட்க வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதையே தரமான ஒலியாகக் கருதிவிடுவது மனிதச் செவியின் இயல்பு. கடையில் சிறப்பாகத் தோன்றிய கருவி வீட்டில் ஏமாற்றமளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கைப்பேசியில் உள்ள டெசிபல் அளவிடும் செயலி துல்லியமானதல்ல எனினும், இரு ஒலிகளைச் சமப்படுத்த அது போதுமானது.

இணைப்பிலிருந்து தொடங்கலாம்

தொலைக்காட்சியின் பின்புறமுள்ள எச்டிஎம்ஐ துளைகளில் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ எனக் குறிக்கப்பட்ட துளையே ஒலியை வெளியே அனுப்பக்கூடியது. சவுண்ட்பாரையோ ரிசீவரையோ அதில்தான் இணைக்க வேண்டும். ஆப்டிகல் கேபிள் வழியாக 5.1 டால்பி டிஜிட்டல் ஒலி வரை பெறலாம். டால்பி அட்மாஸ் ஒலியைப் பெற இயலாது. மேலும், ஏஆர்சி இணைப்பில் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பு ‘பிசிஎம்’ என்று இருந்தால், பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி இரண்டாகச் சுருங்கிவிடும்.

ஸ்பீக்கர் வயர்களின் சிவப்பு, கருப்பு முனைகளையும் சரிபார்க்க வேண்டும். இரண்டு முன் ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் இவை இடம் மாறியிருந்தால் தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும். வசனமும் திரையின் நடுவிலிருந்து வருவதாகத் தோன்றாது.

இடமும் அறையும்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கேட்பவருக்கு நேர் எதிரே உள்ள மையக்கோட்டிலிருந்து முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 டிகிரி கோணத்திலும், சூழொலி ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரி கோணத்திலும் அமைய வேண்டும். முன் ஸ்பீக்கர்களின் உச்ச ஒலியை எழுப்பும் சிறு பகுதி, அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருப்பது நல்லது.

சுவரோடு ஒட்டிய சோபா மற்றொரு சிக்கல். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. அதன்படி 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதித் தேங்குகிறது. சுவரருகே அது அளவுக்கு மீறி முழங்கும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். இதை எந்த விலையுயர்ந்த கருவியாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. சோபாவை ஓரிரு அடி முன்னே நகர்த்தினாலே வேறுபாடு தெரியும்.

சப்வூஃபருக்கான இடத்தைக் கண்டறிய எளிய வழி உண்டு. அதைத் தற்காலிகமாக அமரும் இடத்தில் வைத்து, தாழ்ந்த ஒலி மிகுந்த பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தாழ்ந்து நடந்து கேட்க வேண்டும். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை நிரந்தரமாக வைக்கலாம்.

கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட அடுக்குமாடி வீடுகளில் எதிரொலி அதிகம். அறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டினால், அதைத் தொடர்ந்து கணீரென்ற அதிர்வு எழுகிறதா என்பதைக் கொண்டு இதை அறியலாம். கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை அதைக் குறைத்து வசனத்தைத் தெளிவாக்கும்.

எதை வாங்குவது?

இவற்றுக்குப் பின்னும் குறை நீடித்தால் கருவிகளை மாற்றலாம். திரைப்பட வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் வழியாகவே வருவதால், வசனம் புரியாத வீடுகளில் முதலில் கவனிக்க வேண்டியது அதுவே.

வாட் எண்ணிக்கையை மட்டும் நம்புவது சரியன்று. ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இருமடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் உயர வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை. எச்டிஎம்ஐ கேபிள் டிஜிட்டல் தகவலையே கடத்துவதால், சரியாக இயங்கும் கேபிளை விட்டு விலை கூடிய கேபிளுக்கு மாறுவதால் ஒலி மேம்படாது.

ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால், அதை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் முனையை அகற்றுவது உயிருக்கே ஆபத்தானது. கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பார்த்து, இரைச்சல் நிற்கிறதா என்று சோதிப்பதே பாதுகாப்பான முதல் படி.

அண்டை வீட்டாரும் சட்டமும்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. தனியாருக்குச் சொந்தமான ஒலிக்கருவியின் சத்தம், அவர்களது இடத்தின் எல்லையில் இவ்வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது.

பெரும்பாலான ரிசீவர்களிலும் பல சவுண்ட்பார்களிலும் ‘நைட் மோட்’ வசதி உண்டு. அது வெடிச் சத்தத்தைத் தாழ்த்தி, மெல்லிய ஒலிகளை உயர்த்துகிறது. வசனத்துக்காக ஒலியைக் கூட்டுவதும் சண்டைக் காட்சிக்காகக் குறைப்பதுமாக ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள், புதிய கருவிக்கு முன்பணம் செலுத்தும் முன் இன்றிரவே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.