பச்சை பிடிக்கும் வரை

முட்டியும் மைதானமும் – தொடர் 11

புரட்டாசி. சம்பா நடவு மும்முரமாக நடக்கும் நேரம். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அப்பாவும் மகனும் என்னிடம் வந்திருந்தார்கள். நடவாட்களை வயலில் விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறார் அப்பா. கணுக்காலில் ஒட்டிய சேறு காய்ந்து வெளுத்திருந்தது. மகனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி கால்பந்து அணியில் ஓரத்தில் ஓடி ஆடுபவன். பங்குனியில், அறுத்த வயலில் நடந்த எழுவர் போட்டியில், களிமண் வெடிப்பில் பூட்ஸ் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முட்டிக்குள் ‘டொப்’பென்று ஒரு சத்தம் கேட்டதாம். சித்திரையில் அறுவை சிகிச்சை முடிந்தது.

“சார், இப்ப வலியே இல்ல. ஆயுத பூஜைக்கு டவுன்ல ஒரு மேட்ச். அரை மணி நேரம் மட்டும் ஆடிட்டு வந்துடுறேனே?”

கணுக்கால் சுளுக்கு பற்றிப் போன வாரம் எழுதினேன். அதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களும் இந்தப் பையன் கேட்டதையேதான் கேட்டார்கள்: எத்தனை நாளில் மறுபடி ஆடலாம்? பெரிய ஆட்டக்காரர்கள் எத்தனை நாளில் திரும்புகிறார்கள் என்று செல்போனில் பார்த்துவிட்டு, அந்த எண்ணைத் தங்கள் காலுக்கும் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குக் கவலையே அதில்தான்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு.’ தஞ்சாவூர் ஜில்லாவில் முட்டியில் எது போனாலும் இந்த ஒரே வாக்கியம்தான். முட்டிக்கு உட்பக்கமாக ஒட்டி ஓடும் பட்டையும் ஜவ்வு. நடுவில் குறுக்காகப் பின்னியிருக்கும் நாரும் ஜவ்வு. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வுதான். உட்பக்கப் பட்டை லேசாகக் கிழிந்தால் கத்தி வைக்காமலே மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். மெனிஸ்கஸில் கிழிந்த ஓரத்தை நறுக்கி எடுத்தால் நான்கிலிருந்து ஆறு வாரம். அதையே தைத்துச் சேர்த்திருந்தால் நான்கிலிருந்து ஆறு மாதம். நடுவில் இருக்கும் முன்பக்கக் குறுக்கு நார், அதாவது ஏசிஎல், முழுக்க அறுந்தால் ஒன்பது மாதம் என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் ஜவ்வு கிழிந்து ஒரு மாதத்தில் ஓடினான் என்பது உண்மையாக இருக்கலாம். அவனுக்குக் கிழிந்த ஜவ்வு வேறு, உனக்குக் கிழிந்தது வேறு. எம்ஆர்ஐ எடுத்த கையோடு டாக்டரிடம், “எந்த ஜவ்வு சார், முழுசா அறுந்திருக்கா, பாதியா?” என்று கேட்டு, அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் சுளுக்கு லேசானதென்றால் ஒன்றிரண்டு வாரம். நார் முழுசாக அறுந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு மேலும் போகும். பாதத்தின் நீள எலும்பில் முறிவு என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். கால்பந்தில் அதிகம் படுத்துவது பின்தொடைச் சதை. ஐரோப்பாவின் பெரிய கிளப்களை 2001 முதல் தொடர்ந்து கவனித்துவரும் யான் எக்ஸ்ட்ராண்ட் குழுவின் ஆய்வில், 25 பேர் கொண்ட ஓர் அணிக்கு ஒரு சீசனில் சுமார் 50 காயங்கள் ஆகின்றன. அந்தக் காயங்களில் பின்தொடையின் பங்கு 2001-02ல் 12 சதவீதமாக இருந்தது; இருபது வருடத்தில் 24 சதவீதமாகிவிட்டது. சராசரியாக மூன்று வாரத்துக்குள் ஆறும் காயம்தான். அவசரப்பட்டு இறங்கினால் அதே இடத்தில் மறுபடி இழுத்துக்கொள்ளும்; அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள்.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொடையில் பலமாக முட்டி பட்டு ரத்தம் கட்டினால் உடனே சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப் போகிறோம். எண்ணெய் போட்டு அழுத்தி வழித்துவிடுகிறார். முதல் சில நாட்களில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே கட்டிய ரத்தம் மேலும் பரவும். சிலருக்குச் சதைக்குள் எலும்பு மாதிரி கெட்டிப்பட்டு மாதக்கணக்கில் மடக்க முடியாமல் போகும். அவர் கை ராசியைக் குறை சொல்லவில்லை. அது அந்தக் காயத்துக்கான நேரம் இல்லை.

ஏசிஎல்லுக்குத் திரும்புவோம். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை அது விட்டுவைத்ததில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பர் 20 அன்று, ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே, ஏடிகே மோகன் பகான் சட்டையில் கோவாவின் பாம்போலிம் மைதானத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த சீசன் அவருக்கு அதோடு முடிந்தது. சென்னையின் தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்தார். சென்னையின் எஃப்சி கோப்பையும் வென்றது. அடுத்த சீசன் முழுவதும் முட்டிக் காயத்தால் அவர் களமே காணவில்லை. ஆட்டக்காரன் உச்சத்தில் இருக்கும் வயது ஆறேழு வருடம்தான். அதில் ஒன்றைக் காயம் கொண்டுபோவது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் காத்திருக்கச் சொல்கிறேன்.

அவசரத்தின் விலையை உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு. பிரேசிலின் ரொனால்டோவுக்கு 1999 நவம்பர் 21 அன்று முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் கிழிந்தது. ஐந்து மாதம்கூட ஆகாமல் 2000 ஏப்ரல் 12 அன்று மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஏழு நிமிடம் இருக்கும். யாரும் தொடவில்லை, பந்தோடு ஒரு எட்டு வைத்தவர் அலறிக்கொண்டு விழுந்தார். அதே தசைநார், இந்த முறை முழுசாக. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்துத் திரும்பியவர்தான் 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்தார்.

நான் இதைச் சொன்னபோது பையன் தலையாட்டினான். “எனக்குத்தான் வலியே இல்லையே சார்” என்றான் மறுபடி. அவன் அப்பாவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

அறுந்த ஏசிஎல்லை வெறுமனே தைத்து ஒட்டுவது பெரும்பாலும் நிற்பதில்லை. அதனால் அதே காலின் பின்தொடையிலிருந்தோ, சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு கீற்று நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு உள்ளே நட்டுவிடுகிறார்கள். பிடுங்கி நட்ட நார் அது. ரத்த ஓட்டம் அறுந்து, உள்ளிருக்கும் செல்கள் முதலில் சாகின்றன. பிறகு புது ரத்தக் குழாய்கள் ஊடுருவி, புது செல்கள் குடியேறி, அந்த நாரை மெல்ல மெல்ல மூட்டின் சொந்த நாராக மாற்றுகின்றன. நட்டு ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரையில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. முழுசாகப் பக்குவப்பட ஒரு வருடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும்.

“நாத்து மாதிரிங்க,” என்றார் அவர். “புடுங்கி நட்டா பத்து நாள் மஞ்சளடிச்சு வாடித்தான் நிக்கும். வேர் புடிச்சாத்தான் பச்ச கட்டும்.”

அதேதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். நாற்று வாடிக் காட்டும், முட்டி காட்டாது. வீக்கம் வற்றி, வலி போய், படியேற முடிகிற அந்த மூன்றாம் மாதத்தில் உள்ளே இருக்கும் நாருக்குப் பலமே கிடையாது. உடம்பு நமக்குச் சொல்லாத செய்தி அது. அதனால்தான் காலண்டரும் வேண்டும், சோதனையும் வேண்டும்.

பெரிய கிளப்களின் ஆட்டக்காரர்கள் சராசரியாக ஏழரை மாதத்தில் போட்டிக்குத் திரும்புகிறார்கள். லிவர்பூலின் வான் டைக் 2020 அக்டோபரில் அடிபட்டு அடுத்த ஜூலைக் கடைசியில் இறங்கினார். அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் அவர்களுக்கென்றே பிசியோ, பயிற்சியாளர், நீச்சல் குளம், எடைக் கருவிகள். நம் பையன் வாரம் ஒரு நாள் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வருகிறான். மற்ற நாட்களில் மாட்டுக் கொட்டகைத் திண்ணையில், மணல் மூட்டையைக் காலில் கட்டிக்கொண்டு பயிற்சி செய்கிறான். அவர்களுடைய தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் உழைப்பை விட்டுவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அப்படி உழைத்தும், அந்தப் பெரிய கிளப் ஆட்டக்காரர்களில் மூன்று வருடம் கழித்து உச்ச நிலையில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான்.

2016ல் வெளியான நார்வே-அமெரிக்க ஆய்வு ஒன்றை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஒன்பதாவது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. சோதனைகளில் தேறாமல் ஆடப்போனவர்களில் 38 சதவீதம் பேருக்கு மீண்டும் முட்டியில் அடிபட்டது. தேறிப் போனவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு.

அந்தச் சோதனைகளில் எளிமையான ஒன்றை அன்றைக்குச் செய்து பார்த்தோம். சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒற்றைக் காலில் நின்று ஒரே தாவு, அதே காலில் ஆடாமல் நிற்க வேண்டும். நல்ல கால் 150 சென்டிமீட்டர். அடிபட்ட காலில் நிற்கும்போதே அவன் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. முட்டி உள்பக்கமாக மடங்கப் பார்த்தது. தாவினான். 118. மறுபடி தாவினான். அதே 118. நல்ல காலில் பத்தில் ஒன்பது பங்காவது வர வேண்டும், அதாவது 135. டேப்பை எடுத்துத் தொடைச் சுற்றளவை அளந்தேன். அடிபட்ட கால் இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. பையன் குனிந்து டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பிறகு வலி இல்லை என்று சொல்லவில்லை.

அப்பா விரல் விட்டு எண்ணினார். சித்திரை, வைகாசி என்று ஆரம்பித்துத் தையில் வந்து நின்றார். ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் எடுக்கிற காலம்.

“தையிலதான் நம்ம வயலே அறுப்பு,” என்றார் மகனிடம். “அதுவரைக்கும் ஊர்ல பந்தடிக்க இடம் ஏதுடா? மாசியில திடல் காயும்.”

பையன் சாக்பீஸை வாங்கி, 118க்கு நேராகத் தரையில் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதினான். அதற்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, 135ல் இன்னொன்று. ஒவ்வொரு வாரமும் வரும்போது பார்க்க வேண்டும், கூட்டும்போது அழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

(அடுத்த வாரம்: பெண் ஆட்டக்காரர்களின் முட்டி)